இந்தக் கார்டை இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா

மாடியிலிருந்து பதில் வரவில்லை. ஒரு கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்து உட்கார எவ்வளவு நேரம் பிடிக்கும், அதுவும் மாடியில் இருக்கிற அந்தக் கிழட்டு மெஷினுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் பிடிக்கும், பொறு, பொறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுடர்க்கொடி கூடத்து மேஜையில் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கறுப்புத் திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து விழுந்துகொண்டிருந்தது, எட்ட முடியவில்லை, எட்ட முடியவில்லை, எட்ட முடியவில்லை. பக்கத்து வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் திருவெறும்பூரில் எல்லா வீட்டுக்கும் ஒரே வாசனைதான், இந்த வீட்டைத் தவிர. கறியில் எதையோ கலக்கிறார்கள் என்று தம்பி ஒருநாள் லைனில் எழுதியதிலிருந்து இங்கே கறி எடுப்பதில்லை. சரி, எடுக்காவிட்டால் குடியா முழுகிவிடும். எட்ட முடியவில்லை. ஒருவேளை மெஷின் எழுந்திருக்கவே இல்லையோ, பாதியில் நின்றுபோய்விட்டதோ, இல்லை, எழும்போது அது போடுகிற ஒற்றை பீப் சத்தம் மாடிப்படி வழியாக இறங்கி வந்ததை அவள் காதால் கேட்டாள். ஆக மெஷின் உயிரோடு இருக்கிறது, லைன்தான் செத்துப்போயிருக்கிறது. செத்துப்போவது என்கிற சொல் எதற்கு இப்போது, வேறு சொல்லே கிடைக்கவில்லையா உனக்கு என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

லைன் என்றால் ஊர் உலகத்துக்குப் போகிற லைன் இல்லை. மாடி அறையில் இருக்கும் தம்பி அறவாழியின் மெஷினிலிருந்து கிளம்பி, ஜன்னல் வழியாக வெளியே வந்து, தண்ணீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டப்பட்டு, சமையலறை ஜன்னலில் நுழைந்து இந்த மேஜையில் முடிகிற ஒரு நீல கேபிள், அவ்வளவுதான். அந்த முனையில் தம்பி, இந்த முனையில் அக்கா. அவனுக்கு நெட்கூட அக்காவின் லேப்டாப் வழியாகத்தான் போகும். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து மாடியேறிக் கதவைச் சாத்திக்கொண்ட நாளிலிருந்து அவன் அவளிடம் வாய் திறந்து பேசியதில்லை. பேசினால் சுவர் கேட்கும் என்று எழுதுவான். எதிரில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு அவள் இறங்கிப் போன பிறகுதான் கதவு திறக்கும். ஆனால் லைனில் அவன் வேறு ஆள். லைனில் கிண்டல் உண்டு, கோபம் உண்டு, நேற்றைக்கு ரசத்தில் உப்பில்லை என்கிற புகார் உண்டு. எழுந்துட்டேன். மாத்திரை போட்டுட்டேன். அக்கா, நீ இன்னும் தூங்கலியா. பாலிடெக்னிக் லேபுக்கு அவள் வேலைக்குப் போகிற நாட்களில்கூட லேப்டாப்பை அணைக்காமல் விட்டுவிட்டுப் போவாள், மாடியில் கேபிள் போய்ச் செருகியிருக்கிற நெட்வொர்க் கார்டின் முதுகில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அவனுக்குப் போதும், அக்கா இருக்கிறாள் என்று அர்த்தம். அந்த லைன் ஒருமுறை அறுந்திருக்கிறது. புயல் அடித்த வருஷம், வேப்பமரக் கிளை முறிந்து கேபிளோடு விழுந்தது, இவள் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தாள், எதிர்வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் தெருவுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தால் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரின் மேல் இரண்டு வெறுங்கால்கள். அப்பா அந்தச் சுவரை முழங்கால் உயரத்தோடு நிறுத்திவிட்டுப் போய்ச் சேர்ந்தவர். எதிர்வீட்டுக்காரர்தான் மாடியேறிப் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார். பிறகு சுவரை உயர்த்திக் கட்ட அவள் கொத்தனாரைக் கூட்டி வந்தாள், புது ஆள் மாடிக்கு வரக்கூடாது என்று தம்பி நாள் கணக்காகத் தட்டைத் தொடாமல் கிடந்தான், கொத்தனார் போய்விட்டார். எதிர்வீட்டுக்காரரும் மகனோடு ஓசூருக்குப் போய்விட்டார். அந்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது.

எட்ட முடியவில்லை. சரி, யோசி, ஒழுங்காக யோசி, நீ லேபில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள்தானே. என்ன செய்தோம், அப்டேட் செய்தோம். எதற்குச் செய்தோம், ஓட்டையை அடைக்க. அவன் மெஷினை ஓட்டுகிற லினக்ஸில், அதன் கெர்னலில், எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்து மொத்தத்தையும் தாங்குகிற அந்த அடித்தளத்தில் ஏதோ ஒரு ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அவன் எங்கோ படித்துவிட்டான். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. அந்த ஓட்டை வழியாக வருவாங்கக்கா. யாருடா. எழுத மாட்டான். அவர் சொல்றதை மறுக்கவும் வேண்டாம், ஆமாம்னு தலையாட்டவும் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், நல்லா சொன்னார், அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க இடம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அவனுடைய நோயில் அவளை மிகவும் வதைப்பது அதில் பாதி உண்மையாக இருப்பதுதான். ஓட்டை இருக்கிறது, நிஜமாகவே இருக்கிறது, பேப்பரில்கூட வந்தது. நெட்வொர்க் கார்டு விஷயமும் அப்படித்தான். இப்போது வருகிற கார்டுகள் பலவற்றில் கம்பெனிக்காரன் பூட்டி அனுப்புகிற ஒரு மென்பொருள் உள்ளேயே குடியிருக்கிறது, அது என்ன செய்கிறது என்று வெளியார் யாருக்கும் காட்ட மாட்டான், உண்மை. அவனுடைய பழைய கார்டில் அந்தக் குடித்தனம் கிடையாது, உண்மை. அதை ஓட்டுகிற நிரல், டிரைவர் என்பார்கள், லினக்ஸில் எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடந்தது, அவன் அதை வரி விடாமல் படித்திருக்கிறான். இதுல யாரும் ஒளிஞ்சுக்க இடமில்லக்கா என்று எழுதியிருந்தான். அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் இந்த வீடு இத்தனை நாளாக நின்றுகொண்டிருந்தது. ஓட்டையை அடைச்சுடலாம்டா, அப்டேட் போட்டா அடைஞ்சுடும் என்று இவள்தான் காலையில் எழுதினாள். நிச்சயமாவா. நிச்சயமா. அவன் போட்டான். இடம் பத்தவில்லை என்று மெஷின் முரண்டு பிடித்தபோது பழைய கெர்னலை அழிக்கச் சொன்னதும் இவள்தான். அழிக்கட்டுமாக்கா. அழி. பிறகு ரீஸ்டார்ட். அவன் கடைசியாக எழுதியது இன்னும் திரையின் மேல்பக்கத்தில் இருக்கிறது, நீ சொன்னா சரி.

செபாஸ்டின் போனை எடுக்க நேரமாயிற்று, எடுத்தபோது பின்னால் சர்ச் மைக் சத்தம். ஒருகாலத்தில் அறவாழியும் அவனும் திருச்சியில் லினக்ஸ் கூட்டம் நடத்தியவர்கள், ஞாயிறானால் ஏதாவது ஒரு காலேஜ் வகுப்பறையில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பழைய கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இப்போது செபாஸ்டினுக்கு வேலை, குடும்பம், தொந்தி. கார்டின் பெயரைச் சொன்னதும் சிரித்தான். “அக்கா, அதுவா? அந்த டிரைவரை லினக்ஸ் எழுதறவங்க தூக்கிட்டாங்களேக்கா. புதுக் கெர்னல்ல அது இல்லவே இல்ல.” தூக்கிட்டாங்கன்னா எப்படி, யாரைக் கேட்டு என்றாள், குரல் அவளுக்கே பிடிக்காத அளவுக்கு ஏறியிருந்தது. “யாரும் யூஸ் பண்ணலைன்னா எடுத்துருவாங்கக்கா, வெச்சுக் காபந்து பண்ண ஆள் வேணும்ல. எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் போற மெயிலிங் லிஸ்ட்ல ஒரு வார்த்தை கேப்பாங்க, யாராவது வெச்சிருக்கீங்களான்னு. யாரும் வாயைத் திறக்கலைன்னா எடுத்துருவாங்க. ஒண்ணும் பிரச்சனை இல்ல, பூட் ஆகும்போது மெனுல பழைய கெர்னல் இருக்கும் பாருங்க, அதைத் தொட்டா போதும்.” அழிச்சுட்டோம் என்றாள். “ஐயய்யோ. ஏன்க்கா?” இடம் பத்தல. “சரி, பேசாம புதுக் கார்டு ஒண்ணைச் சொருகி விட்டுடுங்களேன், எங்கிட்டயே சும்மா கெடக்கு, சாயந்தரம் கொண்டாந்து தரேன். இந்தக் கிழட்டுக் கார்டைக் கட்டிக்கிட்டு ஏன்க்கா அழறான் அவன்?” ஏன் அழுகிறான் என்று அவனுக்குச் சொல்ல முடியாது, ஒரு புதுக் கார்டு அந்த அறைக்குள் போவதும் முகம் தெரியாத ஒருவன் போய்க் கட்டிலில் படுத்துக்கொள்வதும் தம்பிக்கு ஒன்றுதான் என்று இந்த நல்ல மனுஷனுக்கு எப்படிச் சொல்வது. பழைய கெர்னலை எங்கிருந்தாவது எடுத்துக் கொடுடா செபாஸ்டின், இப்பவே, இந்த நிமிஷமே என்றாள். “லிங்க் அனுப்பறேன்க்கா. பென்டிரைவ்ல இறக்கி மெஷின்ல போட்டுட்டா டிரைவர் வந்துரும். அவன் நல்லா இருக்கானா?” இருக்கான் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மேலே நாற்காலி நகர்ந்தது. அவனுடைய நாற்காலிச் சத்தம் அவளுக்கு அத்துப்படி, பின்னால் தள்ளினால் ஒரு மாதிரி, முன்னால் இழுத்தால் ஒரு மாதிரி, இது தள்ளின சத்தம். எழுந்துவிட்டான். எழுந்து என்ன செய்கிறான், நிற்கிறான். கார்டின் பின்பக்கம் குனிந்து பச்சை விளக்கைப் பார்க்கிறானாக இருக்கும், விளக்கு எரியாது, டிரைவர் இல்லாத கார்டு வெறும் தகரம். லிங்க் வந்தது, தொட்டாள், இறங்கத் தொடங்கியது, மெதுவாக, எவ்வளவு மெதுவாக, இந்தத் தெருவின் இணையத்துக்கு இதைவிட வேகம் வராது. கை சும்மா இருக்க மாட்டேனென்று அந்தக் கார்டின் பெயரைப் போட்டுத் தேடியது. அந்த மெயிலிங் லிஸ்ட்டின் பழைய பக்கம் வந்து நின்றது, வெள்ளைக்காரப் பெயருள்ள யாரோ ஒருவர் மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார், இந்தக் கார்டை இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா, இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், இல்லாவிட்டால் இந்த டிரைவரை நீக்கிவிடலாம் என்றிருக்கிறேன். கீழே பதில் எதுவும் இல்லை. உலகம் முழுவதையும் பார்த்து ஒரு மனுஷன் கேட்டிருக்கிறான், உலகத்தில் யாரும் கை தூக்கவில்லை. தூக்க வேண்டிய ஒரே கை இந்த வீட்டு மாடியில் இருந்தது, இல்லை, அப்போது மாடியில்கூட இல்லை, கேள்வியின் தேதியைப் பார்த்தாள், அந்த மாதம் அவன் தஞ்சாவூர் ரோட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். நெட்டே கிடையாது அங்கே. அவன் தூங்கின நேரம் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். சீ, இதென்ன நினைப்பு, இது அவன் நினைக்கிற நினைப்பு, எனக்கு எப்படி வந்தது. யாரும் நேரம் பார்த்துக் கேட்கவில்லை. அந்த மனுஷனுக்கு அறவாழி என்று ஒருவன் இருப்பதே தெரியாது. தெரியாது, அதுதான் கொடுமை, ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை, எல்லோரும் நல்லபடியாகக் கேட்டு, நல்லபடியாகக் காத்திருந்து, நல்லபடியாக எடுத்துவிட்டார்கள். நானும் நல்லபடியாகத்தான் அழிக்கச் சொன்னேன். அவளுக்கு அழுகை வந்தது, இப்போது வேண்டாம் என்று அதட்டி வைத்தாள்.

இன்னும் கொஞ்சம்தான். இறங்கிவிடும். இறங்கினதும் பென்டிரைவை எடுத்துக்கொண்டு மேலே போய், போய் என்ன செய்வது, கதவுக்கு அடியில் தள்ளுவதா, வெளியாள் பென்டிரைவை அவன் கையால்கூடத் தொட மாட்டான். வெளியாளா, நான்தானே தருகிறேன். ஒரு காகிதத்தில் எழுதிச் சேர்த்துத் தள்ளலாம், என் கையெழுத்து அவனுக்குத் தெரியும், தெரியுமா, இத்தனை காலமாக அவன் பார்த்ததெல்லாம் திரையில் வருகிற எழுத்தைத்தானே. கதவுக்கு வெளியே நின்று வாய்விட்டுச் சொல்லலாம், வாழி, கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லைடா, டிரைவரை எடுத்துவிட்டார்கள், இதில் பழைய கெர்னல் இருக்கிறது, நீயே திறந்து படித்துப் பார், படித்துவிட்டுப் போடு. நீயே படித்துப் பார் என்றால் ஒருவேளை கேட்பான். அவனுக்கு அது பிடிக்கும். சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு அப்பாவிடம் அடி வாங்கும்போதுகூட உள்ளே என்ன இருக்குன்னு பார்த்தேன்பா என்றுதான் அழுதான், கழற்றினேன் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை, பார்த்தேன், பார்த்தேன். மேலே காலடிச் சத்தம். அறையின் குறுக்கே ஒருமுறை, திரும்ப ஒருமுறை. அப்புறம் தாழ்ப்பாள். இரும்புத் தாழ்ப்பாள் இழுபடுகிற சத்தம் பகலில் எழும்பாதது, சாப்பாட்டுத் தட்டுக்குத் தவிர. தட்டு இன்னும் வைக்கவில்லை. மொட்டைமாடியின் சிமென்ட் தரையில் வெறுங்கால் நடந்தால் கீழே சத்தம் கேட்காது. கேட்கவில்லை. லேப்டாப்பில் இறங்கி முடிந்தது என்று வந்தது, பென்டிரைவில் ஏறவும் செய்தது, அதைப் பிடுங்கிக்கொண்டு அவள் படியேறினாள், எப்படி ஏறினாள் என்பது அவளுக்குத் தெரியாது, பாதிப் படியில் புடவைத் தலைப்பு கம்பியில் மாட்டியது, கிழித்துக்கொண்டு போனாள்.

அறை திறந்து கிடந்தது. மொட்டைமாடியில் அவன் கைப்பிடிச்சுவருக்கு அப்பால் பாதி உடம்பைச் சாய்த்து, வெளியே தொங்குகிற நீல கேபிளைக் கையில் பிடித்து, எங்கே அறுந்திருக்கிறது என்று விரலால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தான். வெயில் அவன்மேல் முழுசாக விழுந்தது. தலைமுடியில் இவ்வளவு நரை இருப்பதை அவள் பார்த்ததில்லை. வாழி என்று கூப்பிட்டாள், முடிந்தவரை சின்னக் குரலில். அவன் நிமிர்ந்து திரும்பினான், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, நேராக அவளைப் பார்த்தான், கண், மூக்கு, நெற்றி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான், டிரைவரை அவன் வரி வரியாகப் படித்ததும் இந்தப் பார்வையில்தான் இருந்திருக்கும். “அக்கா மாதிரியே இருக்கீங்க” என்றான். அவ்வளவு நாள் கழித்துக் கேட்ட அவன் குரல் அப்படியே அப்பாவின் குரலாகியிருந்தது. “நல்லா செஞ்சிருக்காங்க.” நான்தான்டா, சுடரு, உன் அக்காடா என்று ஒரு அடி முன்னால் வைத்தாள். அவன் ஒரு அடி பின்னால் வைத்தான், முழங்காலின் பின்பக்கம் சுவரில் இடித்தது. “அக்கா லைன்ல இருப்பா. லைன் நின்னுடுச்சு. நின்ன உடனே நீங்க வர்றீங்க.” அவன் பார்வை அவள் கைக்கு இறங்கியது. “இதை என் மெஷின்ல போடச் சொல்லிக் குடுத்து அனுப்பினாங்களா?” இதில் பழைய கெர்னல்தான் இருக்கிறது, உன் கார்டுக்கு டிரைவர் இருக்கிறது, நீயே படித்துப் பார் என்று படியில் கோத்து வைத்திருந்ததெல்லாம் அவள் வாயில் வந்து நின்றது, எல்லாம் உண்மை, ஒவ்வொரு சொல்லும் உண்மை, அவற்றில் எதைச் சொன்னாலும் அவன் இன்னொரு அடி பின்னால் வைப்பான், அங்கே இன்னொரு அடி இல்லை. கேபிள் இன்னும் அவன் கையில் இருந்தது.

“நான் வந்துடறேன்” என்றான் அவன். பயந்த குரல் இல்லை, ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட குரல். “கத்த மாட்டேன், ஓட மாட்டேன். எங்க அக்காவை விட்டுடுங்க. அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. பாலிடெக்னிக்ல லேப் பாத்துக்கறா, எனக்குச் சோறு போடறா, வேற ஒண்ணும் தெரியாது அவளுக்கு.”

இத்தனை பிரியத்தையும் வைத்துக்கொண்டு இவன் இத்தனை காலம் ஒரு கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறான், அதைக் கேட்பதற்கு இன்றைக்கு அவள் அக்காவாக இல்லாமல் போகவேண்டியிருந்தது. இன்னொரு முறை நான்தான்டா என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. பென்டிரைவை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்கையை நீட்டி, பஸ்ஸில் இடம் விட்டு உட்காரும் அந்நியரிடம் பேசுகிற குரலில், “சரிங்க. விட்டுட்டோம். நீங்க அங்கேர்ந்து இப்படி வாங்க” என்றாள்.

“ஒண்ணும் பண்ணலையே அவளை?”

“ஒண்ணும் பண்ணல. வாங்க.”

அவன் கேபிளை விட்டான். இரண்டு கைகளையும் மணிக்கட்டோடு சேர்த்து முன்னால் நீட்டிக்கொண்டு சுவரைவிட்டு நகர்ந்து வந்தான். அவள் அவற்றைப் பற்றிக்கொண்டாள். சூடாக இருந்தன, எலும்பும் தோலுமாக இருந்தன. இனி அவற்றை விட்டால் எங்கே போய்த் தேடுவது என்று இறுக்கிப் பிடித்தாள், அவன் வலிக்கிறது என்று சொல்லவில்லை, பிடிக்க வந்தவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள் என்று நினைத்திருப்பான். படியில் அவள் முன்னால் இறங்கினாள், அவன் ஒவ்வொரு படியாகக் கால் வைத்துப் பார்த்துப் பின்னால் வந்தான். திருப்பத்தில் நின்றான்.

“அவகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடறீங்களா?” என்றான். “லைனை நான் அறுக்கலன்னு.”

“சொல்றேங்க” என்றாள் சுடர்க்கொடி.